ஸ்திரெயின்ஷாம் மாஸ்டர் துரை

நாம் பிறந்து வளர்ந்த மரக்காணத்து உப்பளக் கரையே சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் என்பது அறிஞர் பலர் கருத்து. நுளைமகள் வடித்த முதிர்ந்த தேறலைப் பரதவர் பாணர்க்கு ஊட்டி மகிழ்ந்த ஊர் அது. அங்கு விருந்தாயிருந்த மது, அதே கரையில் வடக்கேயுள்ள சென்னைக் கோட்டையில், 17-ஆம் நூற்றாண்டில், கும்பினி உத்தியோகஸ்தர்க்குக் குற்றமாயிற்று. அக்குற்றத்தை அடக்க முற்பட்டோருள் ஒருவர் மாஸ்டர் துரை.

1640-இல் பிறந்த இவர் இளமையிலேயே சூரத்துக்கு வந்து கும்பினி ஊழியத்திற் புகுந்தார். 1670-இல் சிவாஜியின் படை அந்நகரைத் தாக்கியபோது பண்டகசாலையைக் காத்துப் பொற்பதக்கம் பெற்றார். பின்னர்க் கீழைக்கரைப் பண்டகசாலைகளைச் சோதிக்க 1675-இல் அனுப்பப்பட்டார்.

அப்பொழுது சென்னையின் நிலை இரங்கத்தக்கது. குடியும் சூதும் மலிந்தனவென்று கோட்டைப் போதகர் வார்னர் 1676-இல் லண்டனுக்கே முறையிட்டு எழுதினார். விதிகள் இல்லாமலில்லை. லாங்கார்ன் துரை ஆளுகையில், ஒருவர் ஒருமுறைக்கு அரைப் பைண்டு சாராயமும் ஒரு குவார்ட்டுத் திராட்சை மதுவுமே அருந்தலாம். மிஞ்சினால் ஊற்றிக் கொடுத்த வீட்டாருக்கு 1 வராகனும் குடித்தவருக்கு 12 பணமும் அபராதம். அவ்வளவும் உட்கொண்டபின் அளவு பார்க்க வல்லவர் எவரோ, அறியோம்!

1678-இல் மாஸ்டர் சென்னையின் தலைமை ஏற்றார். அவ்வாண்டிலேயே, ஆங்கிலேயர் தந்த நன்கொடையைக் கொண்டு, கோட்டையுள் தூய மரியாள் ஆலயத்தைக் கட்டத் தொடங்கினார். 1680-இல் அது பிரதிஷ்டையாயிற்று. இடையே 1679-இல் வங்காளத்து ஊக்ளிக்குச் சென்று, அங்குள்ள ஊழியர்க்கு ஒழுங்கு விதித்தார். வெறித்தவர் ஒவ்வொரு முறைக்கும் 5 ஷில்லிங் இறுக்க வேண்டும்; பொய்க்கும் வீண் ஆணைக்கும் 12 பென்னி. தண்டத்தாலும் திருந்தாதவர் சென்னைக் கோட்டைக்கு அனுப்பப்பட்டுக் கடுந்தண்டனை பெறுவர்.

5 ஷில்லிங் அற்பமெனத் தோன்றலாம். ஆனால் இளம் எழுத்தரின் ஆண்டுச் சம்பளம் 10 பவுனே. ஓரிரவு மயக்கம் ஒன்பது நாட் சம்பளத்தை விழுங்கும். அவ்வெழுத்தரிற் பலர் நம் வயதினர். பெற்றோரைப் பிரிந்து கடல் கடந்து வந்தோர். முதற் பிழைக்கே வேலையைப் பறியாதிருந்தமை இரக்கமுள்ள செயல் என்போம். ஆயினும் அவரினும் பன்மடங்கு ஊதியம் பெற்ற பெரிய வர்த்தகர்க்கும் அதே 5 ஷில்லிங்தானே என்னும் எண்ணம் நம்மை உறுத்தாமலில்லை.

பிறரை ஒழுங்குபடுத்திய மாஸ்டரையே 1681-இல் கும்பினியார் பதவியினின்று நீக்கினர். குடிக்காகவன்று, மேலிடத்தார்க்கும் அவர்க்கும் இணக்கம் குலைந்திருந்தது. வில்லியம் ஜிபோர்டு அவரிடத்தில் அமர்ந்தார். தாயகம் சேர்ந்த மாஸ்டர், பழைய கும்பினிக்குப் போட்டியாக எழுந்த புதிய கும்பினியின் இயக்குநருள் ஒருவராகி, 1698-இல் அரசரிடம் வீரப்பட்டமும் பெற்று, 1724-இல் காலமானார்.