ஜிம் கார்பெட் ஏன் 9 கிராம் குண்டை நம்பினார்?

ஜிம் கார்பெட் என்றதும் உங்களுக்குப் புலிகள் காப்பகமும் ஜீப் சஃபாரியும்தான் நினைவுக்கு வரும். அவர் வைத்திருந்த துப்பாக்கியைக் கற்பனை செய்யச் சொன்னால், யானையைச் சாய்க்கும் பீரங்கி மாதிரி ஒன்றைச் சொல்வீர்கள். ஆனால் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்ட துப்பாக்கி, மான் வேட்டைக்காரர்கள் தோளில் மாட்டிக்கொண்டு போகிற ரகம். அதன் குண்டின் எடை சுமார் 9 கிராம். அந்தக் காலத்துக் கனமான 5 ரூபாய் நாணயம் ஞாபகம் இருக்கா? அதே எடை.

64 பேரைக் கொன்ற ஒரு புலியை அந்தத் துப்பாக்கியால், அதுவும் ஒற்றைக் கையில் பிடித்துச் சுட்டார் கார்பெட். கையில் இருந்தது பெரிய துப்பாக்கியாக இருந்திருந்தால்? பிழைத்ததற்கான காரணங்களை அவரே பிறகு எழுதிவைத்தார். மொத்தம் மூன்று. அதில் ஒன்று, துப்பாக்கியின் எடை.

ஒரே ஒரு வெடி

கார்பெட் பிறந்தது 1875 ஜூலை 25, நைனிடாலில். அப்பா அந்த ஊர் போஸ்ட்மாஸ்டர். ஜிம்முக்கு ஆறு வயது நிறைவதற்குள் அப்பா இறந்துவிட்டார். குளிர்காலம் வந்தால் குடும்பம் மலையடிவாரத்துக் காலாதுங்கிக்கு இறங்கிவிடும். சுற்றிலும் காடு.

கைக்கு வந்த முதல் துப்பாக்கி, வாய் வழியாக மருந்து இடித்து நிரப்பும் பழைய இரட்டைக் குழல். இரண்டில் ஒரு குழல் ஏற்கெனவே வெடித்துப் பிளந்திருந்தது. ஆக, ஒரு வெடிதான். தப்பினால் மறுபடி மருந்து இடிக்கணும். அடுத்து கிடைத்தது பள்ளி கேடட் படையின் .450 மார்ட்டினி. அதிலும் ஒரு நேரத்தில் ஒரே தோட்டாதான் போட முடியும். அதன் உதை பேர்போனது. அதை வைத்துத்தான் சிறுவனாக இருக்கும்போதே முதல் சிறுத்தையை அடித்தார். இரண்டாவது வாய்ப்பு கிடையாது என்ற பழக்கம் அங்கேயே ஊறிவிட்டது.

20 வயதை ஒட்டி ரயில்வேயில் சேர்ந்தார். பிறகு கங்கைக் கரையில் மொகாமா காட்டில் சரக்கு மாற்றும் ஒப்பந்ததாரராக 20 வருடங்களுக்கு மேல் இருந்தார். ஆக, வேட்டை அவருக்குப் பிழைப்பு இல்லை. ஆட்கொல்லியைத் தேடிப் போகும்போது, அதன் தலைக்கு அறிவித்த பரிசுத்தொகையை அரசு முதலில் ரத்து செய்ய வேண்டும் என்று நிபந்தனையே போட்டார்.

சம்பாவத்தில் நடந்தது

1907-ல் சம்பாவத் பெண்புலி. நேபாளத்திலும் குமாவுனிலுமாக 436 பேரைக் கொன்றிருந்தது. கார்பெட் அன்று எடுத்துப் போனது .500 ரகப் பெரிய துப்பாக்கி. கூடவே மூன்றே தோட்டாக்கள். மூன்றும் தீர்ந்த பிறகும் புலி விழவில்லை. காயத்தோடு நின்ற அதை விட்டு ஓடிப்போய், தாசில்தாரின் ஓட்டைத் துப்பாக்கியை வாங்கி வந்து சுட வேண்டியதாயிற்று. வாய்க்குக் குறிவைத்தது பாதத்தில் பட்டது. நல்லவேளை, முந்தைய காயங்களிலேயே அது முடிந்திருந்தது.

பிறகு அதன் வாயைப் பார்த்தார். வலப்பக்கக் கோரைப் பற்கள் இரண்டும் உடைந்திருந்தன. அதில் ஒன்று வேரோடு போயிருந்தது. முன்பு எப்போதோ யாரோ சுட்ட குண்டின் வேலை அது. இயல்பான இரையைப் பிடிக்க முடியாமல் மனிதர்களிடம் வந்ததற்கு அதுதான் காரணம் என்றார் கார்பெட். யோசித்துப் பாருங்கள். படவேண்டிய இடத்தில் படாத ஒரு குண்டு, அதன் பின்னால் 436 சாவுகள். எந்தத் தோட்டா என்பது வெறும் வேட்டைக்காரர்களின் ரசனைப் பேச்சு இல்லை என்பதற்கு இதைவிடப் பெரிய தரவு எனக்குத் தெரியவில்லை.

அந்தப் புலிக்காக ஐக்கிய மாகாணத் துணைநிலை ஆளுநர் சர் ஜான் ஹியூவெட் பரிசளித்ததுதான் லண்டன் ரிக்பி நிறுவனத்தின் .275.

சின்னதுதான், ஆனால்...

தோட்டா வேறு, குண்டு வேறு. பித்தளைக் கூடு, மருந்து, முனையில் குண்டு எல்லாம் சேர்ந்தது தோட்டா. பறப்பது குண்டு மட்டும். ரிக்பி .275 என்று விற்ற தோட்டா, ஜெர்மனியின் மவுசர் நிறுவனம் 1890-களில் ராணுவத்துக்காக உருவாக்கிய 7x57 தான். 7 மில்லிமீட்டர் குண்டு, 57 மில்லிமீட்டர் கூடு. போயர் போரில் இதே தோட்டாவிடம் பிரிட்டிஷ் படை நன்றாக அடி வாங்கியது. பிறகு பிரிட்டிஷ் கம்பெனியே அதற்கு அங்குலக் கணக்கில் பெயர் வைத்து விற்றது!

இப்போது ஒரு கணக்கு. கார்பெட்டிடம் இன்னொரு துப்பாக்கியும் இருந்தது. ஜெஃப்ரி கம்பெனியின் .450/400 இரட்டைக் குழல். அதன் குண்டு சுமார் 26 கிராம், வேகம் நொடிக்குச் சுமார் 640 மீட்டர். .275-ன் குண்டு 9 கிராம், வேகம் சுமார் 820 மீட்டர். எடையை வேகத்தால் பெருக்குங்கள். பெரியது இரண்டு மடங்குக்கும் மேல் வரும். குண்டை முன்னால் தள்ளும் அந்த உந்தம்தான் உங்கள் தோளைப் பின்னால் தள்ளும். அதைத் தாங்கத் துப்பாக்கியும் கனமாக இருக்கணும். இரட்டைக் குழல் நாலரை, ஐந்து கிலோ வரும். ரிக்பி சுமார் மூன்றரை.

அதற்காக, சின்னதே சிறந்தது என்று முடிவுகட்டிவிடாதீர்கள். அடர்ந்த புதரில் அடுத்த நொடியே இரண்டாவது வெடி வேண்டும் என்றால் இரட்டைக் குழல்தான். அதனால்தான் கார்பெட் இரண்டையும் வைத்திருந்தார். அதே காலத்தில் ஆப்பிரிக்காவில் பெல் என்ற வேட்டைக்காரர், நூற்றுக்கணக்கான யானைகளை இதே 7 மில்லிமீட்டரால் வீழ்த்தினார். மூளை எங்கே இருக்கிறது என்று அவருக்கு அத்துப்படி. அது தெரியாதவர்கள் அவரைப் பார்த்துச் செய்தபோது யானைகள்தான் சித்திரவதை அனுபவித்தன.

எட்டடி தூரம்

1930 ஏப்ரல் 11. சௌகட் புலியைத் தேடி ஓர் ஓடைப் படுகையில் இறங்குகிறார். வழியில் பக்கிக்குருவியின் முட்டைகள் இரண்டு கண்ணில் பட, ஆசையாக எடுத்து இடது கையில் வைத்துக்கொள்கிறார். (ஆட்கொல்லி வேட்டையின் நடுவில்! ஆள் அப்படித்தான்.) ஒரு பாறையைத் தாண்டித் தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தால், எட்டடியில் புலி. பாயத் தயாராகப் படுத்திருக்கிறது.

துப்பாக்கி வலது கையில், மார்புக்குக் குறுக்கே. முனை எதிர்ப்பக்கம் பார்க்கிறது. முக்கால் வட்டம் சுற்றினால்தான் புலிக்கு நேராக வரும். வேகமாகத் திருப்பினால் புலி பாயும். அங்குலம் அங்குலமாக, ஒரே கையால் திருப்புகிறார். கை முழுக்க நீண்டு, எடை தாளாமல் வலிக்கத் தொடங்குகிறது. புலி கண்ணை எடுக்கவில்லை. முனை நேரானதும் விசையை அழுத்துகிறார். குண்டு முதுகெலும்பை அறுத்து இதயத்தைச் சிதைத்தது.

அவர் சொன்ன மூன்று காரணங்கள் இவை: கையில் இருந்த முட்டைகள், இலேசான துப்பாக்கி, புலி ஆட்கொல்லியாக இருந்தது. முட்டை இல்லையென்றால் இரண்டு கையாலும் சட்டென்று திருப்பியிருப்பார். கனமான துப்பாக்கி என்றால் ஒரு கையால் சுற்றியிருக்கவே முடியாது. ஆட்கொல்லி அல்லாத புலி, மாட்டிக்கொண்டோம் என்று தெரிந்ததும் தாக்கியிருக்கும்.

இன்று அமெரிக்காவில் ரைஃபிள் தோட்டா போடும் ஒற்றை வெடிக் கைத்துப்பாக்கியை வேட்டைக்கு வாங்குபவர்கள் முன்னால் இருப்பதும் இதே கேள்விதான். 1967-ல் வந்த தாம்சன் சென்டர் கன்டெண்டர் இதில் பிரபலம். தோளில் முட்டுக்கொடுக்கக் கட்டை இல்லை, குழலும் குட்டை. பெரிய தோட்டா போட்டால் மருந்தில் ஒரு பங்கு குழலுக்கு வெளியே எரிந்து வீணாகும். வேகம் பெரிதாகக் கூடாமல் தீப்பிழம்பும் சத்தமும் உதையும்தான் கூடும். அதனால் அனுபவசாலிகள் .30-30, 7 மில்லிமீட்டர் மாதிரி நடுத்தரத் தோட்டாக்களில் நிற்கிறார்கள். இந்தியாவில் உங்களுக்கு இந்தக் கேள்வியே எழாது. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இங்கே விளையாட்டு வேட்டை கிடையாது.

கார்பெட்டும் கடைசிக் காலத்தில் துப்பாக்கியைவிட சினிமா கேமராவோடுதான் புலிகளிடம் அதிகம் போனார். 1947-ல் அக்கா மேகியோடு கென்யா போய், 1955-ல் நியேரியில் இறந்தார். அந்த .275 பல கைகள் மாறி, கடைசியில் அதைச் செய்த ரிக்பியிடமே போய்ச் சேர்ந்தது. 2016-ல் அதை இந்தியாவுக்குக் கொண்டுவந்து அவர் வாழ்ந்த ஊரில் காட்டினார்கள். பின்கட்டையில் பதித்த வெள்ளித் தகடு இன்னும் அப்படியே இருக்கிறது. அதில் இருப்பது சம்பாவத் புலியின் பெயர். அந்தத் துப்பாக்கி சுடாத புலி.