ரஷியா ஏற்க மறுத்த மேயர்

1948-ம் ஆண்டு ஜூன் 24-ந் தேதி. மேற்கு பெர்லினுக்குப் போகும் ரெயில்கள் நின்றன. சாலைகள் அடைக்கப்பட்டன. படகுகளும் வரவில்லை. 20 லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் நடுவில் சிக்கிக்கொண்டார்கள். முற்றுகையிட்டது ரஷியா.

அந்த மக்களுக்குத் தைரியம் சொன்னவர் எர்ன்ஸ்ட் ராய்ட்டர். அவர் அப்போது மேயர் நாற்காலியில் இல்லை! 1947-ல் நகரசபை அவரைத்தான் மேயராகத் தேர்ந்தெடுத்தது. ரஷிய அதிகாரிகள் ஏற்க மறுத்துவிட்டார்கள். லூயிசா ஷ்ரோடர் என்ற அம்மையார் பொறுப்பு மேயராக இருந்தார்.

ராய்ட்டர் மீது ரஷியாவுக்கு ஏன் இத்தனை கோபம்? காரணம், அவர் ஒரு காலத்தில் அவர்களுடைய ஆள்!

ராய்ட்டர் 1889-ல் பிறந்தார். முதல் உலகப்போரில் சிப்பாயாகப் போனார். 1916-ல் காயம்பட்டு ரஷியர்களிடம் சிக்கினார். கைதியாக இருந்தபோதே ரஷிய மொழியைக் கற்றுக்கொண்டார். புரட்சி வந்தது. வால்கா நதிக்கரை ஜெர்மானியர்களைக் கவனிக்கும் பொறுப்பை சோவியத் சர்க்கார் 1918-ல் அவருக்குக் கொடுத்தது. அந்த சர்க்காரில் தேசிய இனங்களின் இலாகா யாரிடம் இருந்தது தெரியுமா? ஸ்டாலினிடம்! பின்னாளில் பெர்லினைப் பட்டினி போட முயன்றவரும் அதே ஸ்டாலின்தான்.

ஜெர்மனி திரும்பிய ராய்ட்டர் 1921-ல் கம்யூனிஸ்டு கட்சியின் பொதுச் செயலாளர் ஆனார். மறு வருடமே கட்சி அவரை வெளியேற்றியது. பழைய சோஷலிஸ்டு கட்சிக்குத் திரும்பினார். 1926 முதல் பெர்லின் நகரப் போக்குவரத்து அவர் பொறுப்பு. டிராம், பஸ், சுரங்க ரெயில் மூன்றையும் ஒரே நிர்வாகத்தில் சேர்த்தார். பெர்லின்வாசிகள் இதற்கே அவரை மறக்கமாட்டார்கள். 1931-ல் மாக்டபர்க் நகரின் மேயரானார்.

1933-ல் ஹிட்லர் வந்தார். ராய்ட்டரின் பதவி போயிற்று. இருமுறை சித்திரவதை முகாமில் அடைக்கப்பட்டார். விடுதலையானதும் 1935-ல் துருக்கிக்குப் போனார். துருக்கி மொழியையும் கற்று, அங்காராவில் நகர அமைப்புக் கலையின் பேராசிரியரானார். பெர்லின் திரும்பியது 1946-ல்.

இப்போது முற்றுகைக்கு வருவோம். அமெரிக்க, பிரிட்டிஷ் விமானங்கள் உணவும் நிலக்கரியும் கொண்டுவந்தன. விமானத்தால் ஒரு நகரத்துக்கே சோறு போட முடியுமா என்று ராய்ட்டருக்கே சந்தேகம். ஆனால் தன் ஜனங்கள் தாங்குவார்கள் என்பதில் சந்தேகம் இல்லை. அதை அமெரிக்கத் தளபதி கிளேயிடம் உறுதியாகச் சொன்னார். மின்சாரம் தினம் சில மணி நேரம்தான். கிழக்கே வந்து பதிந்துகொண்டால் ரேஷன் உண்டு என்று ரஷியா ஆசை காட்டியது. போனவர்கள் மிகச் சிலரே!

செப்டம்பர் 9-ந் தேதி, இடிந்து கிடந்த பாராளுமன்றக் கட்டிடத்தின் முன் லட்சக்கணக்கானோர் கூடினர். இந்த நகரைக் கைவிடாதீர்கள் என்று உலக மக்களை ராய்ட்டர் வேண்டினார். டிசம்பர் தேர்தலில் அவர் கட்சிக்கு நூற்றுக்கு 64 ஓட்டு. மேற்கு பெர்லினின் மேயரானார். 1949 மே 12-ந் தேதி முற்றுகை நீங்கியது.

1953 செப்டம்பர் 29-ந் தேதி மாரடைப்பால் காலமானார். வயது 64. அன்றிரவு வீட்டுக்கு வீடு ஜன்னலில் மெழுகுவர்த்தி எரிந்தது. நகரின் ஒரு பெரிய சதுக்கத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள். அதன் கீழே உள்ள சுரங்க ரெயில் நிலையத்துக்கும் அதே பெயர்தான்.