காற்றுக்கு வேலை கொடுத்த ஆசிரியர்

உலகச் சந்தையில் எண்ணெய் விலை ஏறும்போதெல்லாம் நம் நாட்டில் ஒரு பேச்சு எழும். எண்ணெய் ஒரு நாள் தீர்ந்துவிடும். மாற்று எரிசக்தியைத் தேட வேண்டும். காற்றாலைகளை அமைத்தால் என்ன? கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்தவன் என்பதால் பல்கலைக்கழக நண்பர்கள் இந்தக் கேள்வியை என்னிடம் சற்று அழுத்தமாகவே கேட்பார்கள். உங்கள் மலையில்தான் எந்நேரமும் குளிர்காற்று வீசுகிறதே, அங்கே ஏன் ஒரு காற்றாலைகூட இல்லை என்பார்கள்.

இக்கேள்விக்கு விடை தேடியபோது ஒரு மனிதரின் வாழ்க்கை எனக்குக் கிடைத்தது. அவர் நூறாண்டுகளுக்கு முன் மறைந்த டென்மார்க் நாட்டு ஆசிரியர் பவுல் லா கூர். மின்விளக்கு என்றால் நமக்கு எடிசன் நினைவுக்கு வருகிறார். காற்றிலிருந்து மின்சாரம் என்றால் அறிவியல் உலகம் லா கூரை நினைக்கிறது. நம் மாணவர்கள் அறிந்திருக்க வேண்டிய வாழ்க்கை அது.

பண்ணை வீட்டுப் பிள்ளை

பவுல் லா கூர் 1846ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆம் நாள் டென்மார்க்கின் எபெல்டோஃப்ட் நகருக்கு அருகில் ஒரு பண்ணை வீட்டில் பிறந்தார். கோப்பன்ஹேகன் பல்கலைக்கழகத்தில் இயற்பியலும் வானிலையியலும் பயின்றார். 1872இல் டென்மார்க் வானிலை ஆய்வு நிலையம் தொடங்கப்பட்டபோது அதன் துணை இயக்குநரானார். அப்போது அவருக்கு வயது 26 மட்டுமே. தந்தித் துறையிலும் அவர் புதுமைகள் செய்தார். ஒரே கம்பியில் பல செய்திகளை அனுப்பும் முறையை ஆராய்ந்தார். அந்த ஆய்வின் பயனாக, இசைக்கவையின் அதிர்வுக்கு ஏற்பச் சீரான வேகத்தில் சுழலும் ஒரு சக்கரத்தை உருவாக்கினார். தலைநகரிலேயே இருந்திருந்தால் பேரும் பொருளும் அவரைத் தேடி வந்திருக்கும்.

ஆனால் 1878இல் அவர் ஆஸ்கோவ் என்னும் சிற்றூருக்கு ஆசிரியராகச் சென்றார். அங்கிருந்தது ஒரு மக்கள் உயர்பள்ளி. குருண்ட்விக் என்ற அறிஞரின் கொள்கையில் எழுந்த பள்ளி வகை அது. தேர்வும் பட்டமும் அங்கே இல்லை. உழவர் வீட்டு இளைஞர்கள் வந்து தங்கி, தாய்மொழி, வரலாறு, அறிவியல் ஆகியவற்றைக் கற்பார்கள். 1864ஆம் ஆண்டுப் போரில் டென்மார்க் தன் தென்பகுதியை இழந்தது. அதற்கு அடுத்த ஆண்டு, புதிய எல்லையை அடுத்து இப்பள்ளி எழுந்தது. நிலத்தை இழந்த ஒரு சிறிய நாடு தன் மக்களை அறிவால் உயர்த்த நினைத்தது. அந்நினைப்புக்கு லா கூர் தம் வாழ்நாளைக் கொடுத்தார்.

இருளில் விடப்பட்ட கிராமம்

அக்காலத்தில் மின்சாரம் நகரங்களுக்கு வரத் தொடங்கியிருந்தது. அன்று வழக்கிலிருந்த நேர்மின்னோட்டத்தைச் சில கிலோமீட்டருக்கு அப்பால் கொண்டு செல்வது கடினம். வழியிலேயே பெரும்பகுதி வீணாகிவிடும். ஆகவே நகரத்து மின்நிலையத்தால் கிராமத்துக்குப் பயனில்லை. நகரம் ஒளி பெற்றது. கிராமம் மண்ணெண்ணெய் விளக்கோடு நின்றது. வசதி உள்ள இடத்தை நோக்கி இளைஞர்கள் போய்விடுவார்கள் என்பதை லா கூர் உணர்ந்தார். தோட்டப்புறத்தை விட்டு நகரத்துக்குப் பெயர்ந்த குடும்பங்களின் பிள்ளைகளான நமக்கு இந்தக் கவலையை யாரும் விளக்க வேண்டியதில்லை.

டென்மார்க்கில் மலை இல்லை. ஆதலால் அருவியும் இல்லை. நிலக்கரியையும் எண்ணெயையும் வெளிநாட்டிலிருந்தே வாங்க வேண்டும். இருந்ததெல்லாம் காற்று ஒன்றுதான். 1891இல் அரசின் உதவிநிதியைப் பெற்று, ஆஸ்கோவ் பள்ளி வளாகத்தில் ஒரு காற்றாலையை எழுப்பி அதில் டைனமோவைப் பொருத்தினார். காற்றாலையால் மின்சாரம் எடுக்கும் முயற்சிகள் 1887, 1888ஆம் ஆண்டுகளிலேயே ஸ்காட்லாந்திலும் அமெரிக்காவிலும் நடந்திருந்தன. ஆனால் அதனை அறிவியல் முறையில் ஆராய்ந்து, எளிய மக்கள் கையில் கொண்டு சேர்த்த பெருமை லா கூரையே சாரும்.

இரண்டு சிக்கல்கள் அவரை எதிர்கொண்டன. முதலாவது, காற்று ஒரே சீராக வீசுவதில்லை. இதற்காக எடைகளும் கப்பிகளும் கொண்ட ஒரு சீராக்கியை அவரே வடிவமைத்தார். இரண்டாவது, காற்று இல்லாத நாளில் என்ன செய்வது? இங்கேதான் அவருடைய தொலைநோக்கு வெளிப்படுகிறது. மின்சாரத்தைக் கொண்டு நீரைப் பிரித்து, ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் தொட்டிகளில் சேமித்தார். 1895 முதல் 1902 வரை ஆஸ்கோவ் பள்ளியில் அந்த வாயு விளக்குகள் எரிந்தன. ஹைட்ரஜனோடு சிறிது ஆக்சிஜன் கலந்துவிட்டால் வெடிக்கும். அப்படி வெடித்துப் பள்ளியின் சன்னல் கண்ணாடிகளைப் பலமுறை மாற்ற வேண்டியிருந்தது. ஆனாலும் அவர் பின்வாங்கவில்லை. பின்னர் மின்கலங்களுக்கு மாறினார். ஹைட்ரஜனில் ஆற்றலைச் சேமிப்பது பற்றி இன்று உலகமே பேசுகிறது. அதனை 1895லேயே ஓர் ஊர்ப் பள்ளியில் செய்து பார்த்திருக்கிறார்கள் என்பது வியப்பல்லவா?

அளந்து பார்த்தவர்

லா கூரிடம் நான் மிகவும் மதிப்பது அவருடைய அளக்கும் பழக்கத்தையே. விசிறியால் ஒரு குழாய்க்குள் காற்றைச் செலுத்தி, அதில் சிறிய இறகு மாதிரிகளை வைத்துச் சோதித்தார். இறகுகள் அதிகமானால் ஆற்றல் அதிகமாகும் என்றுதான் யாருக்கும் தோன்றும். வேகமாகச் சுழலும் சில இறகுகளே மின்சாரத்துக்கு ஏற்றவை என்று அவருடைய சோதனைகள் காட்டின. இன்று நாம் காணும் மூன்று இறகுக் காற்றாலைகள் அந்த வழியில் வந்தவையே.

1903இல் டென்மார்க் காற்று மின்சாரச் சங்கத்தைத் தொடங்கினார். 1904இல் கிராமத்து இளைஞர்களுக்கு மின்பணிப் பயிற்சி வகுப்புகளை நடத்தினார். ஊருக்கு ஒரு காற்றாலை, அதோடு மின்கல அடுக்கு, காற்று ஓய்ந்தால் ஓட்ட ஓர் எண்ணெய் எந்திரம் என்பதே திட்டம். எண்ணெயை அவர் முற்றாக ஒதுக்கவில்லை. அதனைத் துணைக்கு வைத்துக்கொண்டார் என்பதைக் கவனியுங்கள்.

1908ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆம் நாள், தம் 62ஆவது வயதில் லா கூர் காலமானார். அவர் விதைத்தது வீண்போகவில்லை. 1918இல் டென்மார்க்கில் சுமார் 120 ஊர் மின்நிலையங்கள் காற்றாலையைப் பயன்படுத்தின. நாட்டின் மின்சாரத்தில் ஏறக்குறைய 3 விழுக்காடு அவற்றிலிருந்து கிடைத்தது. அவருடைய 1904ஆம் ஆண்டு மாணவர்களுள் ஒருவரான யோகன்னஸ் யூல், 1957இல் கெட்சர் என்னும் இடத்தில் 200 கிலோவாட் காற்றாலையை அமைத்தார். அது 1967 வரை ஓடியது. மலிவான எண்ணெய் வந்ததும் காற்றாலைகள் ஓரங்கட்டப்பட்டன. 1973இல் எண்ணெய் நெருக்கடி ஏற்பட்டபோது டென்மார்க் தன் எரிசக்தித் தேவையில் பத்தில் ஒன்பது பங்குக்கு இறக்குமதி எண்ணெயையே நம்பியிருந்தது. அப்போது அந்நாடு மீண்டும் திரும்பிப் பார்த்தது ஆஸ்கோவ், கெட்சர் அனுபவங்களைத்தான். இன்று அந்நாட்டு மின்சாரத்தில் பாதிக்கும் மேல் காற்றிலிருந்து வருகிறது.

அந்த அறிவு தமிழ் மண்ணையும் தொட்டது. 1986இல் தூத்துக்குடிக்கு அருகே முள்ளக்காட்டில் 55 கிலோவாட் காற்றாலைகள் சுழலத் தொடங்கின. பின்னர் டென்மார்க்கின் உதவியோடு கயத்தாறு, முப்பந்தல் பகுதிகளில் காற்றாலைகள் எழுந்தன. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஆரல்வாய்மொழிக் கணவாய் தென்மேற்குப் பருவக்காற்றைக் குவித்து அனுப்புகிறது. அந்தக் காற்றுதான் அங்கே முதலீடு.

நம் மலைக்கு வருவோம்

அப்படியானால் கேமரன் மலைக்கு? லா கூர் செய்தது போல் அளந்து பார்ப்போம். காற்றின் ஆற்றல் அதன் வேகத்தின் முப்படியாக உயரும். வேகம் இருமடங்கானால் ஆற்றல் எட்டு மடங்கு. வேகம் பாதியானால் ஆற்றல் எட்டில் ஒரு பங்கு. நம் நாட்டின் பெரும்பாலான இடங்களில் சராசரிக் காற்று விநாடிக்கு 2 முதல் 3 மீட்டர் மட்டுமே. காற்றாலை சுழலத் தொடங்கவே விநாடிக்கு 3 அல்லது 4 மீட்டர் வேண்டும். மேலும், 1,500 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடலோரத்தைவிட ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு குறைவு. உடலைச் சிலிர்க்க வைக்கும் குளிர்காற்று எல்லாம் இறகைச் சுழற்றும் காற்றாகிவிடாது.

இன்னொன்றும் உண்டு. தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்தை வாட்ட விசிறிகளும், இலையை உருட்டும் எந்திரங்களும் மின்சாரத்தில் ஓடும். ஆனால் இலையை உலர்த்துவதற்கு வேண்டியது வெப்பம். விறகோ எண்ணெயோ எரிப்பதன் பெரும்பகுதி இதற்காகத்தான். கொழுந்து ஏற்றிச் செல்லும் லாரிக்கும் எண்ணெய் வேண்டும். காற்றாலை தருவதோ மின்சாரம். லாரியும் உலர்த்தியும் மின்சாரத்துக்கு மாறாத வரை, காற்றாலை எண்ணெயின் இடத்தைப் பிடிக்க முடியாது. நம் நாட்டு மின்சாரமே இன்று பெரும்பாலும் நிலக்கரியாலும் இயற்கை எரிவாயுவாலும் கிடைக்கிறது.

இதனால் காற்றாலையே நமக்கு வேண்டாம் என்று நான் கூற வரவில்லை. 1995இல் லாயாங் லாயாங் தீவில் 150 கிலோவாட் காற்றாலையும், 2007இல் பெர்ஹெந்தியான் தீவில் சூரிய ஒளி, டீசலோடு இணைந்த இரண்டு 100 கிலோவாட் காற்றாலைகளும் அமைக்கப்பட்டன. கடற்காற்று வீசும், டீசலைப் படகில் கொண்டுபோக வேண்டிய தீவுகளில் இதற்குப் பொருள் உண்டு. நம் மலைக்கு வாய்த்தது வேறு. டென்மார்க்குக் கிடைக்காத ஓடும் நீர் நம்மிடம் இருக்கிறது. ரிங்லெட் அணையும் சுல்தான் யூசுப் மின்நிலையமும் 1963 முதல் அதைத்தான் பயன்படுத்துகின்றன. அதற்கும் விலை உண்டு. மலைச்சரிவுகளை வெட்டியதால் அணையில் சேறு நிரம்புகிறது. 2013 அக்டோபரில் அணை நீர் திறந்துவிடப்பட்டபோது பெர்த்தாம் பள்ளத்தாக்கில் உயிர்கள் பலியாயின. இலவசமான எரிசக்தி என்று ஒன்று இல்லை.

லா கூர் பிற நாட்டைப் பார்த்து ஏங்கவில்லை. தம் மண்ணில் என்ன இருக்கிறது என்று அளந்தார். அதைத் தம் ஊர் இளைஞர்களுக்குத் தாய்மொழியில் கற்பித்தார். நம் மலையில் ஓடைகளும் வெயிலும் தோட்டக் கழிவுகளும் இருக்கின்றன. எந்தத் தொழிற்சாலைக் கூரையில் எவ்வளவு வெயில் விழுகிறது, எந்த ஓடையில் கோடையிலும் நீர் நிற்காமல் ஓடுகிறது என்று அளந்து எழுதிவைக்க ஆள்தான் வேண்டும். பொறியியலும் அறிவியலும் பயிலும் நம் தமிழ் மாணவர்கள் தங்கள் இறுதியாண்டு ஆய்வுக்கு இதையே எடுத்துக்கொள்ளலாமே! தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிகளில் படிக்கும் நம் தம்பி தங்கையருக்கு அந்த முடிவுகளைத் தமிழில் எடுத்துச் சொல்லும் பொறுப்பும் நம்முடையதே.