சொல்லின் நடுவைத் தேடியவர்

ஆங்கிலத்திலே ஜீ, பீ என்னும் இரண்டு எழுத்துக்கள் அடுத்தடுத்து வருஞ் சொல் யாது? இவ்வினாவை முதன்முதலாக ஒரு நூலிற் கண்டபோது நான் நெடுநேரம் திகைத்திருந்தேன். அகராதியைப் புரட்டினேன், பயனில்லை. முதலெழுத்தை அறிந்தவனுக்கே அகராதி வழிகாட்டும்; நடுவெழுத்தை மட்டும் கொண்டு தேடுவோனுக்கு அது உதவாது. ஈற்றில் விடையைக் கண்டபோது வெட்கமாயிருந்தது. கருமையும் வெண்மையுங் கலந்த 'மக்பை' என்னும் பறவையின் பெயரே அது. பள்ளிப் பருவம் முதல் நான் அறிந்த சொல்!

இவ்வினாவைத் தொடுத்தவர் யாரென அறிந்தபோது வியப்பு இரட்டித்தது. உலகெங்கும் சிறுவர் படித்து மகிழும் அலிஸின் கதையை ஆக்கிய லூயிஸ் கரோலே அவர்.

சாள்ஸ் லட்விட்ஜ் டொட்சன் என்பது அவரது இயற்பெயர். 1832ஆம் ஆண்டு தை மாதம் 27ஆந் திகதி, இங்கிலாந்தின் செஷயர் பகுதியிலுள்ள டேர்ஸ்பரி என்னுஞ் சிற்றூரில், ஒரு குருவானவரின் பதினொரு பிள்ளைகளுள் மூன்றாமவராகப் பிறந்தார்; ஆண்மக்களுள் அவரே மூத்தவர். இளமையிற் கண்ட காய்ச்சலால் வலச்செவி மந்தமாயிற்று. அதனினும் அவரை வருத்திய குறை திக்குவாய். உடன்பிறந்தோர் பலருக்கும் அக்குறை இருந்தது. சொல்ல வேண்டியது நெஞ்சில் நிறைந்து நிற்கும். சொல்லின் முதலொலியோ நாவில் எழ மறுக்கும். இத்துன்பம் அவரை ஆயுள் முழுவதும் விட்டு நீங்கவில்லை.

1851ஆம் ஆண்டு தை மாதம் ஒக்ஸ்போட்டின் கிறைஸ்ட் சேர்ச் கல்லூரிக்குச் சென்றார். சென்ற இரண்டு நாளில் அன்னை மறைந்தார். துயரைத் தாங்கிக் கற்றுக் கணிதத்தில் முதல் வகுப்பிற் சித்தியடைந்தார். 1855 முதல் 1881 வரை அக்கல்லூரியிலேயே கணித விரிவுரையாளராயிருந்தார். 1861இல் திருச்சபையின் உதவிக்குருவாக அபிடேகம் பெற்றாராயினும், முழுக் குருத்துவத்தை அவர் ஏற்றதில்லை. திக்குவாயும் அதற்கொரு காரணம் என்பர்.

நாக்கு அவருக்குப் பணியவில்லை, எழுத்துக்களோ பணிந்தன. 1856இல் ஒரு சஞ்சிகைக்காகப் புனைபெயர் தேவைப்பட்டபோது, தம் இயற்பெயரின் முதலிரு சொற்களிலுள்ள பதினைந்து எழுத்துக்களையும் இடம் மாற்றி எட்கர் கத்வெல்லிஸ் என்றொரு பெயரைச் சமைத்தார். அச்சொற்களை இலத்தீனாக்கி, முன்பின்னாக மாற்றி, மீண்டும் ஆங்கிலமாக்கியதனாற் பிறந்ததே லூயிஸ் கரோல். பத்திராதிபர் தேர்ந்தது இதனையே. 1865இல் அலிஸின் கதை வெளிவந்தபோது அப்பெயர் உலகப் புகழ் பெற்றது.

1877ஆம் ஆண்டு நத்தார் தினத்தில், பொழுது போகாதிருந்த சிறுமியர் இருவருக்காக அவர் ஒரு விளையாட்டை அமைத்தார். ஒரு சொல்லை ஒவ்வோர் எழுத்தாக மாற்றி இன்னொரு சொல்லாக்குதல் அது. இடையில் வருவன யாவும் பொருளுள்ள சொற்களாயிருத்தல் வேண்டும். ஆங்கிலத்தில் தலை எனப் பொருள்படுஞ் சொல், இவ்வாறு ஐந்தே மாற்றங்களில் வால் எனப் பொருள்படுஞ் சொல்லாகிவிடும். 1879இல் 'வனிற்றி ஃபெயர்' என்னும் இதழ் இவ்விளையாட்டை வெளியிட்டது.

1881இல் அவர் வெளியிட்டதே நான் தொடக்கத்திற் கூறிய விளையாட்டு. 'மிஷ்மாஷ்' என்பது அதன் பெயர். கதம்பம் என்பது பொருள். ஒருவர் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட எழுத்துக்களை ஒரு கருவாகக் கூறுவார். அக்கரு சிதையாமல் உள்ளடங்கிய சொல்லை மற்றவர் காண வேண்டும். அது யாவரும் அறிந்த சொல்லாயிருத்தல் வேண்டும். இடப்பெயரும் ஆட்பெயரும் ஆகா. அவர் காட்டிய உதாரணங்கள் மூன்று. ஜீ, பீ என்பதற்கு மக்பை. ஈ, எம், ஓ என்பதற்கு எலுமிச்சையைக் குறிக்கும் 'லெமன்'. ஐ, எம், எஸ், ஈ என்பதற்குத் 'தன்னையே' எனப் பொருள்படும் 'ஹிம்செல்ஃப்'.

இம்மூன்றையும் உற்று நோக்கியபோதே சூட்சுமம் எனக்குப் புலனாயிற்று. மக்பை என்பதை மக், பை எனச் செவி இரண்டாகப் பிரிக்கின்றது. ஜீ முன்னசையின் ஈற்றெழுத்து. பீ பின்னசையின் முதலெழுத்து. ஏனைய இரண்டிலும் கருவானது இரண்டு அசைகளையும் தழுவியே நிற்கின்றது. செவி பிரித்ததைக் கண் சேர்க்கும்போதே விடை வெளிப்படும். ஒலியை நம்பித் தேடுவோன் இடறுவான்.

விதிகளுள் இரண்டு என் மனத்தைத் தொட்டன. இருவரும் மௌனமாகச் சிந்தித்து, தம் கரு அமைந்ததும் ஆயத்தம் என்று மட்டும் கூறுவர். இருவரும் அவ்வாறு கூறிய பின்னரே கருக்கள் வெளியிடப்படும். மற்றையது, விடையைத் தானே அறியாமலும் ஒருவர் கருவொன்றைக் கொடுக்கலாம். வகுப்பறையிலே விடை ஆசிரியர் கையில் இருக்கும், மாணவன் தடுமாறுவான். இங்கோ ஆசானும் சிறுவனும் ஒரே இருளில் நின்று தேடுகின்றனர். முதலொலியிலே தடுமாறித் துன்புற்ற ஒருவர், முதலெழுத்தைக் கேளாத ஒரு விளையாட்டைச் சமைத்தது தற்செயல்தானோ? அவர் அவ்வாறு எண்ணிச் செய்தார் என நான் கூறத் துணியேன். எனினும் அவ்விதிகளைப் படிக்குந்தோறும், திக்குவாயால் நாணிய ஒரு மனிதர் பிறருக்கு வழங்கிய பொறுமையையே நான் காண்கின்றேன்.

1898ஆம் ஆண்டு தை மாதம் 14ஆந் திகதி, கில்ட்போட் நகரில் சகோதரியரின் இல்லத்தில், சுவாசப்பை அழற்சியால் அவர் காலமானார். அறுபத்தாறு வயது நிறைவதற்கு இரண்டு வாரங்களுக்குக் குறைவான நாட்களே எஞ்சியிருந்தன.

இன்று எழுத்துக்களைக் கொடுத்தால் அவை அடங்கிய சொற்கள் அனைத்தையும் கணினி கணப்பொழுதில் நிரைப்படுத்திவிடும். அது நன்றே. ஆயினும் அறிந்த சொல்லொன்று நெஞ்சில் ஒளிந்திருக்க, அதனைத் தேடித் தவித்து, தானாகக் கண்டடையும் களிப்பை எந்த நிரலுந் தாராது. அச்சொல் வருமளவும் எதிரே இருப்பவர் காத்திருப்பதே அவ்விளையாட்டின் பண்பு.