துன் சம்பந்தன்: பத்து வெள்ளியின் கதை

நம் கோலா கங்சார் கிளிஃபர்ட் பள்ளியில் படித்த ஒரு பையன் பிற்காலத்தில் மந்திரியானார் என்பது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? அவர்தான் துன் வீ. தி. சம்பந்தன். 1919-ல் பக்கத்து ஊரான சுங்கை சிப்புட்டில் பிறந்தவர். தகப்பனார் வீராசாமி தமிழ்நாட்டிலிருந்து வந்து ரப்பர் தோட்டம் போட்டவர். மகன் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் வரை போய்ப் படித்தார். வசதியான வீட்டுப் பிள்ளை. நினைத்திருந்தால் தோட்டத்துக் கணக்கைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

1955-ல் ம.இ.கா. தலைவரானார். அதே ஆண்டு தொழிலாளர் மந்திரி. பிறகு சுகாதாரம், பொதுப்பணி, தபால் தந்தி என்று பல இலாகாக்கள். அதையெல்லாம் விரித்துச் சொல்லப் போவதில்லை.

சொல்ல வேண்டியது தோட்டத் துண்டாடலைத்தான். சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் வெள்ளைக்காரத் துரைமார் தோட்டங்களை விற்கத் தொடங்கினார்கள். வாங்கியவர்கள் துண்டு துண்டாக்கி விற்றார்கள். தோட்டம் கைமாறினால் வேலை போச்சு. வேலை போனால் லயத்து வீடும் போச்சு. மூன்று தலைமுறையாகப் பால் வெட்டியவன் சட்டி பானையோடு ரோட்டில் நின்றான்.

சம்பந்தன் என்ன செய்தார் தெரியுமா? 1960-ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டம் தோட்டமாக ஏறி இறங்கினார். பங்கு நூறு வெள்ளி. மாதம் பத்துப் பத்தாகக் கட்டலாம். அன்றைய சம்பளத்தில் பத்து வெள்ளி சின்னக் காசா? ஆனாலும் ஜனங்கள் நம்பிக் கொடுத்தார்கள். 1961-லேயே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் வாங்கப்பட்டது. வெட்டுகிறவனே பங்குதாரன்! எல்லாத் தோட்டத்தையும் காப்பாற்ற முடியவில்லை என்பதையும் மறைக்க வேண்டாம்.

இன்னொன்று பிரஜாவுரிமை. 1957-ல் சுதந்திரம் வந்தபோது, இங்கேயே பிறந்தவர்கள் ஓராண்டுக்குள் மனுப் போட்டால் மலாய் மொழிப் பரீட்சை வேண்டியதில்லை என்று சட்டம் இடம் கொடுத்தது. சட்டம் இருந்தது, சேதி எல்லா லயத்துக்கும் போய்ச் சேரவில்லை. என் பாட்டிக்குப் பாரம் நிரப்பிக் கொடுக்க ஆள் இல்லை. கடைசி வரை சிவப்பு ஐ.சி.தான். 1969-க்குப் பிறகு பிரஜை அல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கேட்டபோது எத்தனையோ குடும்பங்கள் கப்பலேறின. பாட்டி எப்படியோ தங்கிவிட்டார். அவருடைய அண்ணன் போய்விட்டார்.

சம்பந்தன் 1973-ல் கட்சித் தலைமையை விட்டார். 18-5-1979-ல் காலமானார். சுங்கை சிப்புட்டில் அவர் எழுப்பிய மகாத்மா காந்தி கலாசாலையில் இன்றும் பிள்ளைகள் படிக்கிறார்கள்.

பெற்றோர்களே, உங்கள் வீட்டில் சூராட் பெரானாக் இல்லாத பிள்ளையோ, சிவப்பு ஐ.சி. வைத்திருக்கும் பெரியவரோ இருந்தால், இருக்கிற காகிதங்களை எடுத்துக்கொண்டு பள்ளிக்கு வாருங்கள். கிழிந்திருந்தாலும் பரவாயில்லை. பாரத்தை நாங்கள் நிரப்பித் தருகிறோம்.