17 பாட்டு, 48 ஆண்டு மௌனம்

கவிஞர் எழுதிய கவிதையை எடுத்து, ஒரு குரலும் ஒரு பியானோவும் மட்டும் போதும் என்று இசையமைப்பது பிரான்சு நாட்டில் தனிக்கலை. 'மெலொடி' என்று அதற்குப் பெயர். நம் சினிமாக்காரர்கள் சொல்லும் மெலடி வேறு, இது வேறு. மெட்டுக்காகச் சொல்லை வளைக்கக் கூடாது, சொல்லுக்குத்தான் மெட்டு. இக்கலையில் முன்வரிசையில் வைத்துப் பேசப்படுபவர் ஆன்ரி டூபார்க்.

இவர் 1848 ஜனவரி 21-ந் தேதி பாரிசில் பிறந்தார். பாதிரிமார் நடத்திய பள்ளியில் இவருக்குப் பியானோ கற்றுக்கொடுத்தவர் செசார் ஃபிராங்க் என்ற மேதை. பின்னர் சட்டம் படித்தாலும் மனம் இசையிலேயே இருந்தது. ஆசிரியருக்கு மாணவர் மீது எவ்வளவு மதிப்பு என்றால், தமது ஒரே பெரிய சிம்பொனியை டூபார்க்குக்கே காணிக்கையாக்கினார்.

1870-ல் ஜெர்மானியப் படை பாரிசை முற்றுகையிட்டது. டூபார்க்கும் சிப்பாயாகப் போனார். அந்த ஆண்டில்தான் அவரது தலைசிறந்த பாடல் பிறந்தது. காதலியைத் தொலைதூர நாட்டுக்கு அழைக்கும் போதலேரின் கவிதை அது. போதலேர் 20 வயதில் கல்கத்தாவுக்கென்று கப்பல் ஏற்றப்பட்டு, மொரீஷியசும் ரீயூனியனும் பார்த்துவிட்டுப் பாதியில் திரும்பியவர். பின்னாளில் கவிதைக்காகக் கோர்ட்டில் அபராதமும் விதிக்கப்பட்டவர்.

பாட்டின் தொடக்கத்தில் பியானோவின் வலக்கை நீரலை போல நடுங்கிக்கொண்டிருக்க, இடக்கை தம்பூரா சுருதி போல ஒரே இடத்தில் நிற்கும். பல்லவி வரும்போது குரல் ஏறக்குறைய ஒரே ஸ்வரத்தில் தங்கிவிடும். கவிதையின் மூன்று பகுதிகளில் நடுப்பகுதியை அவர் விட்டுவிட்டார். கவிதைப் பிரியர்களுக்கு இது குறையாகப் படலாம். கேட்டுப் பார்த்தால் குறை தெரியாது. 1871-ல் மணந்துகொண்ட மனைவிக்கே பாடலைக் காணிக்கையாக்கினார்.

லெகோந்த் தெ லீல் கவிதைக்கு 1882-ல் அமைத்த 'ஃபிதிலே'யும் பெரும்புகழ் பெற்றது. அந்தக் கவிஞர் பிறந்தது, நம்மவர்கள் கரும்புத் தோட்டத்துக்குக் கூலியாகப் போன அதே ரீயூனியன் தீவில்!

1884-ல் போதலேரின் இன்னொரு கவிதையுடன் பாட்டு நின்றது. நரம்புத் தளர்ச்சி என்றார்கள். 37 வயதில் பேனாவைக் கீழே வைத்தவர், புதிதாக ஒரு பாட்டும் எழுதவில்லை. மார்ன்-லா-கொக்கெத் ஊருக்குச் சில காலம் மேயராக இருந்தார். படம் வரைந்தார். பிறகு பார்வையும் முற்றிலும் போயிற்று.

எழுதாதது மட்டுமல்ல, எழுதியதையும் அழித்தார். ரஷ்யக் கவிஞர் புஷ்கின் கதையை வைத்துப் பல ஆண்டு உழைத்த 'ரூசல்கா' என்ற இசை நாடகத்தை அவரே அழித்துவிட்டார். திறமை இல்லாதவன் அழித்தால் நஷ்டமில்லை. இவர் அழித்ததை யார் திருப்பித் தருவது? 1922-ல் கடற்படை அதிகாரியும் இசையமைப்பாளருமான ஜான் க்ராவுக்கு எழுதிய கடிதத்தில் அவரே இதைத் தெரிவித்தார். மிஞ்சிய பாடல்கள் 17தான். அவற்றில் சிலவற்றுக்கு மட்டும் ஆர்கெஸ்ட்ரா அமைத்து, திருத்திக்கொண்டே இருந்தார்.

1933 பிப்ரவரி 12-ந் தேதி, மோன்-தெ-மார்சானில் தமது 85-வது வயதில் டூபார்க் காலமானார். மகனைப் போல் அவர் நேசித்த க்ரா, அதற்கு ஐந்து மாதம் முன்பே போய்விட்டார்.