நுங்கம்பாக்கத்தில் சிக்கிய சிவப்பு ராட்சசன்

நுங்கம்பாக்கம்னா நமக்கு காலேஜ் ரோடும் டிராஃபிக்கும்தான் ஞாபகம் வரும். 19ஆம் நூற்றாண்டில் அங்கிருந்த மதராஸ் வானாய்வகத்தில்தான் சிந்தாமணி ரகுநாதாச்சாரி பல வருஷம் ராத்திரி கண் விழித்தார்.

பஞ்சாங்கம் கணிக்கும் குடும்பம் அவருடையது. 1861ல் நார்மன் போக்சன் அரசு வானியலாளராக வந்தார். (இன்றும் நட்சத்திரப் பிரகாசத்தை அளக்கும் மேக்னிடியூட் கணக்கு, 5 படிக்கு 100 மடங்கு, அவர் வகுத்ததுதான்.) அவருக்கு முதல் உதவியாளர் ரகுநாதாச்சாரி. நட்சத்திரம் ஒவ்வொன்றும் உச்சிக்கோட்டைத் தாண்டும் நொடியைக் குறிக்கணும். போரடிக்கிற வேலைதான். ஆனா அப்படிப் பார்த்த கண்ணுக்குத்தான் 'இது அன்னிக்கு இவ்ளோ மங்கலா இல்லையே' என்று தோன்றும்.

1867ல் ரெட்டிகுலம் என்ற தென்வான மண்டலத்தில் ஒரு நட்சத்திரத்தின் ஒளி மாறுவதைக் கண்டுபிடித்தார். இன்று அதற்கு ஆர் ரெட்டிகுலி என்று பெயர். சென்னையிலிருந்து பார்த்தால் அடிவானத்துக்கு மேலே சுமார் 14 டிகிரி தாண்டி அது ஏறவே ஏறாது. அந்தத் தூசிக்கும் கடல் ஈரத்துக்கும் நடுவே கண்டுபிடித்ததை நினைத்தால் பிரமிப்பா இருக்கு.

அது மீரா வகை சிவப்பு ராட்சசன். சுமார் ஒன்பது மாசத்துக்கு ஒரு தடவை வீங்கிச் சுருங்கும். கண்ணுக்குத் தெரியும் ஒளி உச்சத்துக்கும் தாழ்வுக்கும் இடையே ஏறத்தாழ 1000 மடங்கு மாறும். நட்சத்திரம் வெளியிடும் மொத்த ஆற்றல் அவ்வளவு குறைவதில்லை. சுருங்கி விரியும்போது கிளம்பும் அதிர்வலைகள் வளிமண்டலத்தைத் தூக்கி எறிகின்றன. குளிர்ந்த மேலடுக்கில் டைட்டானியம் ஆக்சைடு மூலக்கூறுகள் உருவாகி, கண்ணுக்குத் தெரியும் ஒளியை மட்டும் திரைபோல மறைக்கின்றன. இன்னும் வெளியே தூசி உருவாகி, ஒளியின் அழுத்தத்தில் காற்றாகப் பறக்கிறது. இதைக் கம்ப்யூட்டரில் மாடல் பண்ணுவது இன்னிக்கும் சுலபமில்லை. எல்லாமே நகர்ந்துகொண்டிருக்கும், சமநிலை என்று எதையும் எடுத்துக்கொள்ள முடியாது. ரகுநாதாச்சாரி காலத்தில் நட்சத்திரம் ஏன் எரிகிறது என்பதே தெரியாது.

1868 ஆகஸ்ட் 18 முழு சூரிய கிரகணத்துக்கு வனபர்த்திக்குக் குழுவோடு போனார். 1872ல் ராயல் அஸ்ட்ரானமிக்கல் சொசைட்டியின் ஃபெலோ ஆனார்.

என்னைக் கேட்டால் அவருடைய தைரியமான வேலை வேறு. வீட்டுப் பழக்கத்தில் வந்த பஞ்சாங்கக் கணக்கு வானத்தோடு ஒத்துப்போகவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, தொலைநோக்கியில் பார்த்ததை வைத்துத் திருத்திய திருக்கணித பஞ்சாங்கத்தை வெளியிட்டார். திதியும் கிரகணமும் பார்த்துச் சடங்கு செய்யும் ஊரில், சொந்தக்காரங்ககிட்டயே சண்டை வாங்குற காரியம் அது. 1874ல் வெள்ளி சூரியனைக் கடந்தபோது, அதை விளக்கி இந்திய மொழிகளிலும் ஆங்கிலத்திலும் சிறு நூல் போட்டார்.

1880ல் இறந்தார். வானாய்வகம் 1899ல் கொடைக்கானலுக்கு இடம்பெயர்ந்தது. அதன் பழைய கருங்கல் தூண் மட்டும் நுங்கம்பாக்கம் வானிலை மைய வளாகத்தில் நிற்கிறது.